கால் கிலோ ஜிகினா



போன ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட படத்துக்கு இத்தனை விசாரிப்பு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. "டீச்சர், இந்த வயசுல டிரம்ஸ் வாங்கியிருக்கீங்களா?" என்று பாதிப் பேர் கேட்டிருந்தீர்கள். "இது பெரியப்பாவோட செட்டுதானே, வெள்ளியா இருந்தது எப்படி நீலமாச்சு?" என்று சொந்தக்காரப் பிள்ளைகள் கேட்டிருந்தார்கள். ஒரு மாணவர், தான் வேலை பார்க்கும் பள்ளியில் பேண்டு டிரம்கள் ஸ்டோர் ரூமில் தூசி படிந்து கிடக்கின்றன, அவற்றையும் இப்படிச் செய்யலாமா என்று கேட்டார். தனித்தனியாகப் பதில் எழுத என் கட்டைவிரலுக்குத் தெம்பில்லை. எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். வகுப்பில் உட்கார்ந்த மாதிரி பொறுமையாகப் படியுங்கள். கடைசி பெஞ்சும்தான்.

முதலில் செட்டைப் பற்றி.

என் அண்ணன் ஆவடி டேங்க் ஃபேக்டரியில் 1971-இல் வேலைக்குச் சேர்ந்தார். இந்தியாவின் முதல் விஜயந்தா டேங்குகள் 1965-இலிருந்து அங்கிருந்துதான் வெளிவந்தன. பகலில் அங்கே இரும்பு, ராத்திரியில் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ். 1976-இல், 'அன்னக்கிளி' வந்த வருஷம், பெரம்பூர் ரயில்வே காலனியில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தது. அந்தக் காலத்தில் அப்படி நிறையக் குடும்பங்கள் போயின. அந்த வீட்டுப் பெரியவர் நடன நிகழ்ச்சிகளுக்கு வாசித்த டிரம்ஸ் செட்டை அண்ணன் தவணையில் வாங்கினார். பாஸ் டிரம் 22 அங்குலம், ஃப்ளோர் டாம் 16, மேலே இரண்டு டாம் 12, 13, ஒரு ஸ்டீல் ஸ்னேர். கம்பெனி பெயர் பொறித்த பேட்ஜ் எப்போதோ கழன்று விழுந்துவிட்டது. வெளியே முழுக்க வெள்ளி ஜிகினா. மேடையில் ஃபோகஸ் விளக்கு பட்டால் பூந்தொட்டி மத்தாப்பு மாதிரி இருக்கும்.

அந்த மினுமினுப்பு பெயிண்ட் கிடையாது. மரத்தின் மேல் ஒட்டிய ஒரு உறை. 1920-களிலிருந்தே அமெரிக்காவில் டிரம்களுக்கு முத்து நிறம், ஜிகினா என்று செல்லுலாய்டு தகடு ஒட்டும் வழக்கம் வந்துவிட்டது. பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் 1963-இல் லண்டனில் ஒரு லுட்விக் செட் வாங்கினார். கருப்பு முத்துச் சிப்பி நிறம். 1964 பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அதே நிறத்தில் இன்னொரு லுட்விக் செட்டை வைத்து வாசித்தபோது அமெரிக்காவில் சுமார் 7 கோடியே 30 லட்சம் பேர் பார்த்தார்களாம். அதன் பிறகு உலகம் முழுக்கப் பையன்களுக்குப் பளபளக்கும் டிரம் மேல் பைத்தியம் பிடித்தது. அந்தக் காய்ச்சல்தான் பெரம்பூர் வழியாக எங்கள் அம்பத்தூர் வெங்கடாபுரம் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

ஆடி மாதம் வந்தால் அண்ணன் வீட்டில் தங்கமாட்டார். கொரட்டூர், பாடி, திருமுல்லைவாயில், பூந்தமல்லி என்று ஒவ்வொரு அம்மன் கோயிலிலும் கூழ் ஊற்றி முடிந்ததும் ராத்திரி மெல்லிசைக் கச்சேரி. இப்போதுபோல 10 மணிக்கு மைக்கை நிறுத்தும் சட்டம் அன்றைக்கு இல்லை. 10 மணிக்குத்தான் ஆரம்பமே. ட்ரைசைக்கிள் வண்டியில் டிரம்களைக் கட்டி ஏற்றி, பின்னாலேயே சைக்கிள் மிதித்துப் போவார். காலையில் வந்து குளித்துவிட்டு ஷிப்டுக்கு ஓடுவார். வீட்டை நடத்தியது, இரண்டு பிள்ளைகளை வளர்த்தது, மாமியாரைப் பார்த்துக்கொண்டது எல்லாம் அண்ணி. கல்யாணம் ஆன நாளிலிருந்து ஆடி மாதம் என்றாலே அண்ணிக்கு அலுப்பு.

பிறகு காலம் மாறியது. ஆக்டோபேட் என்ற கருவி 1985-இல் வந்தது. ஒரு பெட்டியில் எட்டு ரப்பர் தட்டு, வெளியே ஓர் ஒலிக்கருவியோடு இணைத்தால் எல்லாச் சத்தமும். நம் ஊர்க் குழுக்களுக்கு அது வர இன்னும் சில வருஷம் ஆனது. வந்ததும், வண்டி வைத்து டிரம்ஸ் ஏற்றிப் போவது வீண்செலவு என்றாகிவிட்டது. அண்ணன் செட் பரண் ஏறியது. வருஷத்துக்கு ஒருமுறை ஆயுதபூஜைக்கு இறக்கித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து மறுபடி ஏற்றுவார்.

2021 மே மாதம் அண்ணன் போய்விட்டார். அது எந்த மே மாதம் என்று உங்களுக்குத் தெரியும். ஆளை எண்ணி அனுமதித்த காலம். பறை இல்லை, ஊர்வலம் இல்லை. கச்சேரிக்கு வாசித்த மனுஷன் சத்தமே இல்லாமல் போனார். அண்ணி அதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. ஆயுதபூஜைக்குப் பரணை யாரும் தொடவில்லை. நான்கு வருஷம் அப்படியே போனது.

இந்த வருஷம் தை பிறந்ததும் மூன்று விஷயம் ஒன்றாக வந்தன.

அண்ணன் வீட்டு மாடித் தளம் ஒழுக ஆரம்பித்திருந்தது. பழைய வாத்தியங்கள் வாங்கும் ஒருவர் வந்து பார்த்துவிட்டு 45 ஆயிரம் தருகிறேன் என்றார். ஆனால் இருக்கிற நிலையிலேயே வேண்டும், அந்த வெள்ளி உறையைக் கழற்றிவிட்டால் 20 ஆயிரத்துக்கு மேல் போகாது என்றார். அண்ணன் மகன், தளம் போட அந்தப் பணம் உதவுமே என்று நினைத்தான். அவன் நினைத்ததில் தப்பே இல்லை. அதே வாரம் அவன் மகள், எட்டாம் வகுப்பு படிக்கிறவள், என்னிடம் வந்து ரகசியமாக, "அத்தைப் பாட்டி, எனக்கு வாசிக்கக் கத்துக்கணும். அதை வித்துட வேணாம்னு சொல்லுங்களேன்" என்றாள்.

அண்ணனோடு கிடார் வாசித்த நண்பர் திருமுல்லைவாயிலில் இருக்கிறார். அவரிடம் கேட்டேன். "விக்கிறதும் வேணாம், மாத்துறதும் வேணாம். அது அவன் கை பட்ட வெள்ளி தங்கச்சி. அப்படியே இருக்கட்டும்" என்றார்.

அப்படியே இருக்க முடியாது என்பதுதான் பிரச்சினை. இறக்கிப் பார்த்தோம். வெள்ளி பழுத்து மஞ்சளாகி இருந்தது. ஓரங்களில் வெடித்து, சுருங்கி, முனைகள் நகம் மாதிரி தூக்கிக்கொண்டு நின்றன. பிள்ளை கை வைத்தால் கிழிக்கும். பாஸ் டிரம்மின் உள்பக்கம் ஒரு இடத்தில் ஒட்டுப்பலகை அடுக்கு விட்டுப்போய் இருந்தது. அப்படியே பூட்டி வைத்தால் இன்னும் பத்து வருஷத்தில் காயலான் கடைக்காரர்கூடத் தொடமாட்டார்.

எல்லாரும் பேசி முடித்த பிறகு அண்ணி சொன்னார்: "விக்க வேணாம். ஆனா இந்த வெள்ளிக் கலர்ல இங்க இருக்க வேணாம். இதைப் பாத்தா அவரு கச்சேரிக்குக் கிளம்பி நிக்கிற மாதிரியே இருக்கு. கொழந்தைக்குப் பிடிச்ச கலரா மாத்திக் குடு பாப்பா." எனக்கு 68 வயது. அண்ணிக்கு நான் இன்னும் பாப்பாதான்.

மாடித் தளத்துக்கு ஒரு சீட்டு எடுத்துச் சமாளித்தோம். பேத்தி கேட்டது நீலம். ஜிகினா வேண்டும், தாத்தாவுடையது மாதிரி மின்ன வேண்டும் என்றாள். அப்படி ஆரம்பித்தது வேலை.

இனிமேல் வருவது செய்முறை. வேண்டியவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் படி, கழற்றுவது. ஒவ்வொரு டிரம்மையும் கழற்றும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்தோம். ஒரு டிரம்மின் திருகு, லக், வாஷர் எல்லாம் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில். பாட்டில் மேல் பெயர் எழுதி ஒட்டினோம். திருகுகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் துரு போய்விடும்.

இரண்டாவது, பழைய உறையை உரிப்பது. இங்கே கவனம் தேவை. செல்லுலாய்டு என்பது நைட்ரோ செல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்தது. 1870-இல் அமெரிக்காவில் ஜான் வெஸ்லி ஹயட் காப்புரிமை வாங்கினார். பில்லியர்ட்ஸ் பந்து செய்ய யானைத் தந்தத்துக்கு மாற்றுத் தேடிப் போய்க் கண்டுபிடித்தது. சீப்பு, பொம்மை, கண்ணாடி ஃப்ரேம், சினிமா பிலிம், டேபிள் டென்னிஸ் பந்து எல்லாம் ஒரு காலத்தில் இதுதான். மிக வேகமாகத் தீப்பிடிக்கும். பழைய நைட்ரேட் பிலிம் சுருள்கள் எரிந்து தியேட்டர்களே போயிருக்கின்றன. அதனால் தீ, ப்ளோ டார்ச் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. முடி உலர்த்தும் டிரையரை மிதமான சூட்டில் வைத்துக் காட்டி, பட்டி பார்க்கும் தகட்டை நுழைத்து, மரத்தின் ரேகை போகும் திசையிலேயே மெதுவாக உரித்தோம். திறந்த வெளியில், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு.

உறை சூடானதும் கற்பூர வாசனை வந்தது. உள்ளே சமையலறையில் இருந்த அண்ணி, "யாரு கற்பூரம் ஏத்தினது?" என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்தார். அதுதான் அவர் முதல்முறை அந்த வேலையின் பக்கம் வந்தது. அறுபது வருஷத்துக்கு முன் அடைத்த கற்பூரம் இப்போது வெளியே வருகிறது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் நின்று மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

உரித்ததில் உள்ளங்கை அளவு நல்ல துண்டு ஒன்றை எடுத்து வைத்தோம். அதைப் பூஜை அலமாரியில் அண்ணன் படத்தின் முன்னால் வைக்க வேண்டும் என்றார் அண்ணி. விளக்கு எரியும் இடத்தில் இது கூடவே கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்தேன். கடைசியில் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறோம், வெயில் படாத பக்கத்தில். நண்பர் சொன்ன "கை பட்ட வெள்ளி" அங்கே இருக்கிறது.

மூன்றாவது, மரவேலை. அடுக்கு விட்ட இடத்தில் ஃபெவிகாலை ஊசிமருந்து சிரிஞ்சால் உள்ளே செலுத்தி, பழைய சைக்கிள் டியூபை நீளமாகக் கிழித்து இறுக்கமாகச் சுற்றி ஒரு நாள் முழுக்க விட்டோம். வளைந்த பொருளை அழுத்திப் பிடிக்க இதைவிடச் சிறந்த சாதனம் கிடையாது. சைக்கிள் செய்த ஊர்க்காரர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பள்ளங்களுக்குப் பட்டி பார்த்து, 120, 180, 240 என்று உப்புத்தாளை வரிசையாக மாற்றித் தேய்த்தோம். பிறகு சீலர் ஒரு கோட்.

இரண்டு இடத்தை மட்டும் தொடவே கூடாது. ஒன்று, தோல் உட்காரும் விளிம்பு. டிரம்மின் சத்தம் பிறக்கும் இடம் அது. பெயிண்டோ பட்டியோ அங்கே பட்டால் சுருதி சேர்ப்பது சிரமம். அதனால் முதலிலேயே மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டோம். மற்றொன்று, டிரம்மின் உட்புறம். அங்கே அண்ணன் பென்சிலால் சின்னச் சின்னக் குறிகள் போட்டிருந்தார். எந்த லக் எங்கே வரும், எந்தத் திருகு முன்னால் முறுக்க வேண்டும் என்று ஃபேக்டரிக்காரர் குறிப்பு. உட்புறத்தில் உப்புத்தாளே படவில்லை. அந்தக் குறிகளை வைத்துத்தான் கடைசியில் மாட்டினோம்.

நான்காவது, கணக்கு. எவ்வளவு ஜிகினா வாங்குவது? டிரம் என்பது ஓர் உருளை. உருளையின் வளைபரப்பு, பை பெருக்கல் விட்டம் பெருக்கல் உயரம். மறந்தவர்கள் கை தூக்குங்கள். பாஸ் டிரம் 22-க்கு 14, ஏறக்குறைய 968 சதுர அங்குலம். ஃப்ளோர் டாம் 16-க்கு 16, 804. டாம்கள் 13-க்கு 9, 368. 12-க்கு 8, 302. மொத்தம் 2,442. ஒரு சதுர அடிக்கு 144 சதுர அங்குலம். ஆக, சுமார் 17 சதுர அடி. பொடி ஜிகினா ஒரு அடுக்கு இடைவெளியில்லாமல் படிய நூறு கிராமுக்குக் கொஞ்சம் கூட வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று விழுவதற்கும் சிந்துவதற்கும் சேர்த்துக் கால் கிலோ. "இந்தக் கணக்கெல்லாம் எங்க டீச்சர் உதவப் போகுது" என்று 1990-களில் கேட்ட மகானுபாவர்கள் இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

ஐந்தாவது, ஜிகினாவைச் சோதிப்பது. நம் சிறுவயதில் மணலில் பொறுக்கிய காக்காப்பொன் இயற்கையான ஜிகினா. அது அப்பிரகம் என்னும் கனிமம். இப்போது கடையில் கிடைப்பது பிளாஸ்டிக் படலத்தின் மேல் அலுமினியம் பூசி, சாயமேற்றி, மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு அறுகோணமாக வெட்டியது. ஒவ்வொரு துணுக்கும் ஒரு குட்டிக் கண்ணாடி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணத்தில் படுத்திருப்பதால், நாம் நகரும்போது வேறு வேறு துணுக்கு நம் கண்ணுக்கு ஒளியைத் திருப்புகிறது. மினுமினுப்பு என்பது அவ்வளவுதான்.

சவுக்கார்பேட்டைப் பக்கம் அலங்காரப் பொருள் விற்கும் கடையில் மூன்று விதமான நீல ஜிகினா, ஒவ்வொன்றிலும் சின்னப் பொட்டலம் வாங்கினேன். மூன்று கண்ணாடி பாட்டிலில் போட்டு, மேலே வார்னிஷுக்குச் சேர்க்கும் தின்னரை ஊற்றி, மூடி, ஒரு ராத்திரி விட்டேன். காலையில் இரண்டு பாட்டிலில் தின்னர் நீலமாகி ஜிகினா வெளுத்திருந்தது. ஒன்றில் மட்டும் தின்னர் தெளிவாக, ஜிகினா நீலமாகவே இருந்தது. விலை கூடியது அதுதான். அதில் கால் கிலோ வாங்கினோம். சாயம் போகும் ஜிகினா பள்ளி சார்ட்டுக்குப் போதும். மேலே ஸ்ப்ரே அடிக்கும் வேலைக்கு உதவாது. இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரும் டிரம்மில் கை வைக்காதீர்கள்.

ஆறாவது, அடிநிறம். ஜிகினா எவ்வளவு தூவினாலும் நடுவில் மரம் எட்டிப் பார்க்கும். அதனால் அதே நீலத்தில் முதலில் இரண்டு கோட் பெயிண்ட். காய்ந்த பிறகு ஜிகினா.

ஏழாவது, தூவுவது. ஸ்ப்ரே கன்னிலேயே வார்னிஷோடு ஜிகினாவைக் கலந்து அடிக்கலாம். ஆனால் துணுக்குகள் அடியில் தங்கும், சாதாரண கன்னின் துவாரம் அடைத்துக்கொள்ளும். வீட்டில் செய்யத் தூவுவதுதான் வழி. ஒரு பிளாஸ்டிக் பைப்பை டிரம்முக்குள் நுழைத்து, இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே படுக்கவைத்தோம். தண்ணீர் கலந்த ஃபெவிகாலை ஒரு சாண் அகலத்துக்குப் பிரஷ்ஷால் தடவி, அது ஈரமாக இருக்கும்போதே மேலிருந்து ஜிகினா தூவி, டிரம்மைக் கொஞ்சம் உருட்டி, அடுத்த சாண். கீழே செய்தித்தாள் விரித்துச் சிந்தியதை மறுபடி எடுத்துக்கொண்டோம். மூக்குக்கு முகக்கவசம் கட்டாயம்.

பேத்தி டீ வடிகட்டியில் போட்டுத் தட்டினாள். திட்டுத் திட்டாக விழுந்தது. சின்ன டாமில் பாதி முடிந்திருக்கும். அண்ணி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தவர், "தள்ளுங்க" என்று வந்து உட்கார்ந்தார். வடிகட்டியை ஓரம் வைத்துவிட்டு, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சிட்டிகை எடுத்து, கையை வீசினாற்போல் நகர்த்தினார். ஐம்பது வருஷம் வாசலில் கோலம் போட்ட கை. எங்கே அடர்த்தி, எங்கே மெல்லிசு என்று கண்ணுக்குத் தெரியும் முன்பே விரலுக்குத் தெரிந்தது. மீதி மூன்று டிரம்மையும் அவர்தான் முடித்தார். நான் பைப்பை உருட்டும் வேலையாள்.

அந்த மூன்று மதியங்களில் அண்ணி பேசிய அளவு நான்கு வருஷத்தில் பேசியதில்லை. எதையும் நான் கேட்கவில்லை. கை வேலையில் இருந்ததால் வாய் தானாகப் பேசியது.

"நான் ஒரு கச்சேரிகூட முழுசாப் பாத்ததில்ல, தெரியுமா பாப்பா? உங்கம்மாவை விட்டுட்டு எப்படிப் போறது? ஆனா கொரட்டூர்ல கச்சேரின்னா திண்ணையில உக்காந்தா கேக்கும். பாட்டு கேக்காது. பாடுறவங்க குரலும் கேக்காது. அந்தப் பெரிய டிரம் மட்டும் தும், தும்னு வரும். அது நின்னுச்சுன்னா கச்சேரி முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம். எந்திரிச்சுப் போய் சோத்தை எடுத்து வெப்பேன். இன்னும் ஒரு மணி நேரத்துல வந்துடுவாருன்னு."

தாழ்ந்த அதிர்வெண் ஒலி தடைகளைச் சுற்றி வளைந்து வரும், காற்றில் குறைவாகவே தேயும், அதனால் தூரம் போகும். இதை எத்தனை வருஷம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அதன் பொருள் எனக்கு அன்றைக்குத்தான் முழுதாக விளங்கியது. அண்ணி கேட்ட அண்ணனின் வாசிப்பு அது ஒன்றுதான்.

எட்டாவது, காயவைப்பது. ஃபெவிகாலில் தண்ணீர் இருக்கிறது, அது முழுக்கப் போகாமல் மேலே வார்னிஷ் அடித்தால் வெள்ளை பூக்கும். மாசி மாதக் காற்று நல்ல உதவி. பத்து நாள் விட்டோம். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடவே தொடாதீர்கள். காய்ந்த பிறகு மெல்லிய பிரஷ்ஷால் ஒட்டாத ஜிகினாவை உதிர்த்துவிட வேண்டும்.

ஒன்பதாவது, மேல்பூச்சு. இதை மட்டும் வீட்டில் செய்யவில்லை. 1994-இல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவர் அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் கார் பெயிண்டிங் பட்டறை வைத்திருக்கிறார். "டீச்சர், காசு பேசினீங்கன்னா செய்ய மாட்டேன்" என்றார். காசு பேசித்தான் கொடுத்தேன். பழைய என்.சி. வார்னிஷ் அடிக்கலாமா என்று பேச்சு வந்தது. என்.சி. என்றால் நைட்ரோ செல்லுலோஸ், நாங்கள் உரித்துப் போட்ட அதே குடும்பம். அதை விட்டுவிட்டு ஹார்டனர் கலந்த பி.யு. கிளியர் அடித்தார். அந்த ஹார்டனர் நுரையீரலுக்குக் கெடுதல். சாதாரணத் துணி முகக்கவசம் போதாது. அதற்கான மாஸ்க்கும் காற்று உறிஞ்சும் அறையும் உள்ள இடத்தில்தான் அடிக்க வேண்டும்.

ஜிகினா மேல் முதல் கோட் அடித்ததும் கை வைத்தால் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருந்தது. ஒரு கோட் காய்ந்தால் ஒரு தலைமுடித் தடிமன்கூட வராது. அந்தச் சொரசொரப்பு முழுகும் வரை அடித்துக்கொண்டே போக வேண்டும். நடுநடுவே தண்ணீர் விட்டு 400, 600 வாட்டர் பேப்பரில் தேய்க்க வேண்டும். ஆனால் தேய்ப்பு ஜிகினாவைத் தொட்டுவிடக் கூடாது. தொட்டால் சாயம் உரிந்து வெள்ளைப் புள்ளி தெரியும். எங்களுக்கு 8 கோட் ஆனது. மூன்று வாரம் கெட்டிப்பட விட்டு, 1000, 1500, 2000 என்று தேய்த்து, ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் துணியால் மெருகேற்றினார். கடைசியில் விரலுக்குக் கண்ணாடி, கண்ணுக்கு ராத்திரி வானம்.

பங்குனி கடைசியில் புதுத் தோல் போட்டு மாட்டினோம். கிடார் நண்பரை வரச் சொன்னோம். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே டார்ச் அடித்துப் பென்சில் குறிகளைப் பார்த்தார். பிறகு காலால் பாஸ் டிரம்மை ஒருமுறை மிதித்தார். "சத்தம் மாறல. அதே ஆள்தான், சட்டை புதுசு" என்றார். பேத்திக்கு எட்டு வரைக்கும் எண்ணி வாசிக்கும் முதல் பாடத்தை அவரே சொல்லிக் கொடுத்தார்.

அவள் வாசிக்க ஆரம்பித்ததும் அண்ணியைக் காணோம். சத்தம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று எழுந்து போய்ப் பார்த்தேன். தெருக்கோடியில் பிள்ளையார் கோயில் மேடையில் தனியாக உட்கார்ந்திருந்தார். "இங்கேருந்து கேட்டாத்தான் சரியாக் கேக்குது" என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவர் சொன்னது சரிதான். பெரிய டிரம் மட்டும் வந்தது.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஜிகினா, பட்டி, உப்புத்தாள், பெயிண்ட், கிளியர், பட்டறைக் கூலி எல்லாம் சேர்த்து 7 ஆயிரத்துச் சொச்சம். புதுத் தோல்கள் தனி. அதைத் தவிர, வாங்க வந்தவர் தருவதாகச் சொன்ன 45 ஆயிரத்தில் பாதிக்கு மேல் அந்த உறையோடு போய்விட்டது. வெளிநாட்டுச் செட்டு, நல்ல நிலையில் இருக்கும் பழைய உறை என்றால் மாற்றும் முன் விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். எங்களுக்கு எது பெரிது என்று அண்ணி முடிவு செய்தார். உங்கள் வீட்டில் யார் முடிவு செய்ய வேண்டுமோ அவரிடம் கேளுங்கள்.

இன்னொன்று. ஜிகினா என்பது பொடி பிளாஸ்டிக். தண்ணீரில் கரையாது, மக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 அக்டோபரிலிருந்து உதிரிப் பிளாஸ்டிக் ஜிகினா விற்கவே தடை. அதனால் சிந்தியதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். நம் தெருச் சாக்கடை எந்த ஏரிக்குப் போகிறது என்று உங்களுக்கே தெரியும். ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, செய்தித்தாளில் மடித்துக் குப்பையில் போடுங்கள். பிரஷ்ஷையும் அப்படியே. டிரம்மில் இருக்கும் ஜிகினா வார்னிஷுக்குள் பூட்டப்பட்டுவிட்டது, அது எங்கும் போகாது.

பள்ளி பேண்டு டிரம் பற்றிக் கேட்ட மாணவருக்கு: தாராளமாகச் செய்யலாம். நம் பள்ளிகளுக்கு வரும் பேண்டு வாத்தியங்களில் நிறைய உத்தரப்பிரதேசத்து மீரட்டில் செய்தவை. அங்கே 1885-இலிருந்தே இந்தத் தொழில் நடக்கிறது. உங்கள் டிரம்மின் உடல் மரமா, தகரமா என்று முதலில் பாருங்கள். தகரம் என்றால் சீலருக்குப் பதில் மெட்டல் பிரைமர். மற்றபடி முறை ஒன்றுதான். ஸ்ப்ரே வேலையைப் பட்டறையில் கொடுத்துவிட்டு, தேய்ப்பதையும் கணக்குப் போடுவதையும் பிள்ளைகளிடம் விடுங்கள். தூவுவதற்கு மட்டும், கோலம் போடத் தெரிந்த ஒரு அம்மாவையோ பாட்டியையோ பள்ளிக்கு அழையுங்கள்.

அம்பத்தூர், ஆவடி பக்கம் இருப்பவர்கள் யாராவது செய்வதாக இருந்தால் சொல்லுங்கள். சைக்கிள் டியூப், பைப், மிச்சமிருக்கும் ஐம்பது கிராம் நீல ஜிகினா எல்லாம் என்னிடம் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளலாம். பேத்தி தினமும் மாலை 5 முதல் 6 வரை பழகுகிறாள். அந்த நேரத்தில் போன் செய்தால் எனக்குக் கேட்காது.

எல்லாரும் நலமாக இருங்கள்.

உங்கள் டீச்சர்